கொக்கி வாத்தியார் போட்ட சைபர்

இரண்டு மார்க். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று பம்ப் மெக்கானிக்குக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனைவிக்கே கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அவராகச் சொல்லவில்லை, காய்ச்சலில் உளறிவிட்டார். "ரெண்டு மார்க்குக்கா விடிய விடிய இப்படிப் புலம்புனீங்க?" என்று அவள் கேட்டபோது, "ரெண்டு மார்க் இல்லடி. அதைப் போடாத கை யாரோட கைங்கறதுதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கை அவருடைய பெஞ்சிலேயே, அவருக்கு இடப்பக்கம் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தவனின் கை.

ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு. அதில் ஒரு கால் குட்டை. எழுதும்போது ஆடாமல் இருக்க இருவரில் ஒருவர் முட்டியால் அழுத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாள் இவன் முறை, ஒரு நாள் அவன் முறை. மெக்கானிக் அப்போது மெக்கானிக் மகன். அப்பாவின் பட்டறையிலிருந்து நேரே பள்ளிக்கூடம் வருவான், நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருக்கும். அதனால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் கிரீஸ். பக்கத்தில் இருந்தவன் பெயர் கொக்கி. ஒல்லி. சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பான். அச்சகத்துக்குப் பின்னால் ஒரே அறையில் அவனும் அம்மாவும். அம்மா அச்சகத்தில் நோட்டுப் புத்தகம் தைப்பவள். வீடு முழுக்க அச்சடித்த காகிதம், படிக்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை இது இன்னதென்று சொல்லிக் கொடுக்க ஒரு ஜீவன் கிடையாது.

அந்தப் பயல் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்கினான் என்றால் அதற்கு ஒரு வித்தை இருந்தது. கேள்வியைப் பார்ப்பான். அதிலிருந்து ஒரு கனமான வார்த்தையைப் பிடிப்பான். அதே வார்த்தை பாடத்தில் எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டுவான். கிடைத்ததும் முந்தைய புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை அப்படியே அள்ளி விடைத்தாளில் வைத்துவிடுவான். வாளி விழுந்த கிணற்றில் கொக்கியை விட்டுத் துழாவுவது போலத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை, மாட்டினால் போதும்.

கிரீஸ் இதற்கு நேர்மாறு. பத்து வார்த்தையில் நாலு தெரியாது. தெரிந்த ஆறை வைத்துக்கொண்டு மீதியை மோப்பம் பிடித்துவிடுவான். பட்டறையில் அப்பா செய்வதும் அதுதானே. மோட்டார் போடும் சத்தத்தைக் கேட்டே உள்ளே எது போயிற்று என்று சொல்வார்.

மத்தியானம் சாப்பாட்டு மணிக்கப்புறம் சுவர் நிழலில் இரண்டு பேரும் உட்காருவார்கள்.

"டேய் கிரீஸ், நாலாவது பாடம் என்னடா சொல்லுது?"

"ஒரு அம்மா. பையன் தூர தேசத்துல. தினம் தபால்காரருக்காக வாசல்ல காத்துட்டு நிக்குது. லெட்டரே வரல. கடைசில ஒரு நாள் தபால்காரர் ஒண்ணு கொண்டாந்து குடுக்கிறார். ஆனா அது பையன் எழுதினது இல்ல. அவரே எழுதினது."

"அப்படி எங்கடா போட்டிருக்கு?"

"போடல. அவரு விரல்ல மை ஈரமா இருந்துச்சுன்னு போட்டிருக்குல்ல? அப்புறம் என்ன?"

கொக்கி கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்ப்பான். கதை பிடித்துத்தான் இருக்கும், முகத்தில் தெரியும். ஆனால் உடனே உதறிக்கொள்வான். "அதெல்லாம் பரீட்சைல கேக்கமாட்டாங்கடா. கேள்வில 'வெயிட்'னு இருக்கு பாரு. பாடத்துல ஆறாவது வரில 'வெயிட்' இருக்கு. அதை அப்படியே தூக்கி வை. மார்க் அங்கதான் இருக்கு."

"அந்த வரி என்ன சொல்லுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எதுக்குடா தெரியணும்?"

சிரித்துக்கொள்வார்கள். கிரீஸின் டப்பாவில் பாதி அவனுக்கு, அவனுடைய டப்பாவில் பாதி இவனுக்கு. அந்தச் சுவர் இன்றைக்கும் இருக்கிறது. வெள்ளையடித்து வெள்ளையடித்து ஒரு விரல் தடிமன் ஏறியிருக்கிறது. மெக்கானிக் அந்தப் பக்கம் போனால் சைக்கிளைக் கொஞ்சம் மெதுவாக மிதிப்பார். ஏன் என்று கேட்டால் சங்கிலி இழுக்கிறது என்பார்.

பத்தாவது வந்தது. பொதுத்தேர்வுக்கு அனுப்புவதற்கு முன்னால் பள்ளிக்கூடமே ஒரு பரீட்சை வைக்கும். அதில் ஆங்கிலத்தில் முப்பத்தைந்து எடுக்காதவனைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பமாட்டார்கள். தோற்கிறவனை முன்கூட்டியே கழித்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாஸ் என்று போர்டில் எழுதலாம் அல்லவா? அந்தப் பரீட்சையில் படித்து விடை எழுதச் சொல்லி ஒரு பத்தி வந்தது. மேலே ஒரு பம்ப்பின் படம். அந்தப் படத்தைப் பார்த்ததுமே கிரீஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தண்ணீர் உறிஞ்சும் குழாயை மேலேயும், வெளியே தள்ளும் குழாயைக் கீழேயும் மாற்றி வரைந்திருந்தார்கள்.

கதை இதுதான். ஒருவர் புதுப் பம்ப் வைக்கிறார். நாள் முழுக்க ஓடுகிறது, ஒரு சொட்டு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, கிணறு வற்றிவிட்டது, அதனால்தான் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். பம்ப் வைத்தவரின் சின்ன மகள் குழாயில் காதை வைத்துப் பார்த்து, உள்ளே யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி உஸ்ஸென்று கேட்கிறது என்கிறாள். அப்பா சிரிக்கிறார். பழைய சைக்கிள் டியூப் ஒன்றும் கத்தரிக்கோலும் கொண்டு வரச் சொல்கிறார். கதை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: தண்ணீர் ஏன் வரவில்லை?

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிரீஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினான். பைப் ஹோல், ஏர் கோயிங் இன்சைட், ரப்பர் புட்டிங், வாட்டர் கமிங். இலக்கணம் கிடக்கட்டும், விஷயம் இருக்கிறதா இல்லையா? முதல் தடவையாக ஆங்கிலப் பரீட்சை எழுதிவிட்டு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

அந்த வாரம் பெரிய சாருக்கு, அதாவது அவர்களுடைய ஆங்கில ஆசிரியருக்கு, மஞ்சள் காமாலை. படுக்கையில் இருந்தபடியே பேப்பர் கட்டை வகுப்பின் முதல் மாணவனுக்குக் கொடுத்தனுப்பினார், திருத்தி வை என்று. அப்போது அது ஒரு அதிசயமில்லை. நன்றாகப் படிக்கிறவன் பேப்பர் திருத்துவதும், கரும்பலகை துடைப்பதும் ஒரே கௌரவம்தான்.

கிரீஸுக்கு மொத்தம் முப்பத்து மூன்று வந்தது. தண்ணீர் ஏன் வரவில்லை என்ற இடத்தில் சிவப்பு மையில் வட்டமாக ஒரு சைபர்.

"என்னடா சைபர் போட்டிருக்க?"

"விடைக் குறிப்புல வேற இருக்குடா. கிணறு வத்திப் போச்சுன்னு."

"அப்ப விடைக் குறிப்பு தப்புடா."

"அது எப்படிடா தப்பாகும்?" என்றான் கொக்கி. அவன் கண்ணில் பொய்யில்லை, திமிரும் இல்லை. சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொன்னவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அதைத்தான் மெக்கானிக்கால் மறக்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் நாலு அறை விட்டு அன்றைக்கே தீர்த்திருக்கலாம்.

தலைமை ஆசிரியர் அடுத்த வருஷம் வா என்றார். அப்பா, "அடுத்த வருஷம் என்ன, நாளைக்கே ஸ்பேனரை எடு" என்றார். எடுத்தவர்தான்.

கொக்கி மேலே மேலே போனான். பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் தொண்ணூற்று மூன்று வாங்கினான். கல்லூரி, பிறகு ஆசிரியர் பயிற்சி. இருபத்து நாலு வயதில் அதே பள்ளிக்கூடத்துக்கு அதே கழுத்துப் பொத்தானோடு ஆங்கில வாத்தியாராகத் திரும்பி வந்தார். வந்த வருஷமே வித்தையைப் பாட்டு மாதிரி ஆக்கிவிட்டார். "கொக்கி போடு" என்று அவர் சொன்னால் வகுப்பு "போட்டாச்சு" என்னும். "தூக்கு" என்றால் "தூக்கியாச்சு". "இறக்கு" என்றால் நாற்பது பேனாவும் ஒன்றாகக் குனியும். தெருவில் போகிறவர்களுக்கே மனப்பாடம். பள்ளிக்கூட வாசலில் ஒரு போர்டு முளைத்தது, ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று. வருஷாவருஷம் வருஷத்தை மட்டும் அழித்து எழுதுவார்கள், நூறு அப்படியே இருக்கும். பெற்றவர்கள் அவரைக் கண்டால் செருப்பைக் கழற்றாத குறை.

ஊரில் எல்லா வீட்டுப் பம்ப்பையும் கழற்றிப் பூட்டிய மெக்கானிக், பள்ளிக்கூடத்துப் பம்ப்பை மட்டும் தொட்டதில்லை. எதிரில் வாத்தியார் வந்தால், பக்கத்தில் இருக்கிற கடைப் பலகையை ஏதோ சட்டப் புத்தகம் மாதிரி உன்னிப்பாகப் படிப்பார். தப்பிக்க முடியாமல் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால், "வாங்க வாத்தியாரே, சௌக்கியங்களா?" என்பார். ஒரே டப்பாவில் தின்றவனை வாங்க போங்க என்று அழைப்பது எவ்வளவு பெரிய திட்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வாத்தியார் மட்டும் விடாமல், "என்னடா கிரீஸ், எப்படி இருக்க?" என்பார். மெக்கானிக் அதற்குள் சைக்கிளை மிதித்திருப்பார்.

முப்பத்திரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

மெக்கானிக்குக்கு ஒரே மகள். பட்டறையிலேயே வளர்ந்தவள். பேச ஆரம்பிக்கும் முன்னே வாஷர் அளவு சொன்னவள் என்று அவள் அம்மா கேலி செய்வாள். அவள் பத்தாவதுக்கு வந்தபோது வேறு பள்ளிக்கூடம் பார்க்கலாமா என்று மெக்கானிக் இழுத்துப் பார்த்தார். "ஏன், அவரு கிட்ட போனா பாஸ் நிச்சயம். உங்க ரெண்டு மார்க்கை நீங்களே இடுப்புல கட்டிக்குங்க, என் பொண்ணு இடுப்புல கட்டாதீங்க" என்று மனைவி ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

பொதுத்தேர்வுக்கு முந்தைய பள்ளிப் பரீட்சை முடிந்த வாரம், பள்ளிக்கூடத்திலிருந்து கடைநிலை ஊழியர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். வழக்கமாக வரும் பம்ப் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டாராம். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடுகிறது, சொட்டு வரவில்லை, உதவித் தலைமை ஆசிரியர் வரச் சொன்னார் என்றார். உதவித் தலைமை ஆசிரியர் என்றால் கொக்கி வாத்தியார்தான். "நேரமில்லன்னு சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டு, மெக்கானிக் வேலையே இல்லாத ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மகள் வந்தவள் பையைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

"என்ன பாப்பா?"

"முப்பத்து நாலு, அப்பா. என்னை அனுப்ப மாட்டாங்க."

பேப்பரை நீட்டினாள். மெக்கானிக்குக்கு ஆங்கிலம் அப்போதும் பத்துக்கு ஆறுதான், அதிலும் துரு ஏறியிருந்தது. ஆனால் படிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கூட இருந்த கேள்வித்தாளில் மேலே ஒரு படம். உறிஞ்சும் குழாய் மேலே, தள்ளும் குழாய் கீழே. நகல் எடுத்து நகல் எடுத்துக் கோடெல்லாம் தடித்துப் போயிருந்தது. அந்தத் தப்பை அவர் கண்ணைக் கட்டிவிட்டாலும் அடையாளம் சொல்வார்.

"தண்ணி ஏன் வரலன்னு என்னம்மா எழுதின?"

"குழாய்ல எங்கயோ காத்து வாங்குதுன்னு எழுதினேன். அதனாலதான் அவரு டியூப் கேட்டார்னு. சைபர் போட்டுட்டார். தோழிகள்லாம், நீ கொக்கி போட்டிருந்தா தப்பிச்சிருப்பல்லன்னு கேக்கறாங்க."

சைபர் அதே வட்டம். அதே சிவப்பு. வட்டம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன வால், அது கூட மாறவில்லை. மெக்கானிக் மகள் தலையில் கை வைத்தார். பிறகு பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 

காலையில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

பின்பக்கத்துக் கிணற்றடியில் வாத்தியார் நின்றிருந்தார். முடி வெளுத்துவிட்டது, கழுத்துப் பொத்தான் அப்படியே இருந்தது. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாடா. பிள்ளைங்க வீட்டுலேர்ந்து பாட்டில்ல தண்ணி கொண்டு வருதுங்க. கிணறுதான் வத்திப் போச்சுன்னு நினைக்கிறேன்."

"யாரு சொன்னாங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் வந்து பாத்தார். அவர்தான் சொன்னார்."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எட்டிப் பாத்தீங்களா வாத்தியாரே?"

"இல்ல."

"பாருங்க."

வாத்தியார் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே, கை நீட்டினால் எட்டிவிடும் போல, தண்ணீர் கிடந்தது. அவருடைய முகமும் வானமும் அதில் ஆடின.

"தண்ணி இருக்கு" என்றார் மெதுவாக.

மெக்கானிக் கருவிப் பையைக் கீழே வைத்தார். குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பினார், மோட்டாரைப் போட்டார். அது வெறுமனே இரைந்தது. "வாங்க இங்க. இந்த மூட்டுல காதை வைங்க."

"நானா?"

"நீங்கதான்."

உதவித் தலைமை ஆசிரியர் வேட்டி மண்ணில் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து இரும்புக் குழாயில் காதை வைத்தார். ஜன்னல்களில் நாற்பது தலை முளைத்துவிட்டது.

"என்ன கேக்குது?"

"உஸ்ஸுனு... யாரோ ரகசியம் பேசற மாதிரி..."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். மெக்கானிக் பையிலிருந்து பழைய சைக்கிள் டியூப் ஒன்றையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் கிணற்றுச் சுவர் மேல் வைத்தார். வாத்தியாரின் உதடு அசைந்தது. அந்தப் பத்தியின் கடைசி வரியை ஆங்கிலத்தில், தேன் மாதிரி உச்சரிப்பில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷமாக மனப்பாடம். சொல்லி முடித்துவிட்டு டியூப்பைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். மறுபடி டியூப்பைப் பார்த்தார்.

மெக்கானிக் மோட்டாரை நிறுத்தி, டியூப்பை வட்டமாக வெட்டி, மூட்டைக் கழற்றி, உள்ளே வைத்து இறுக்கி, மறுபடி தண்ணீர் ஊற்றி மோட்டாரைப் போட்டார். மோட்டார் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது மூச்சில் தண்ணீர் சீறிக்கொண்டு தொட்டியில் விழுந்தது. ஜன்னலில் பிள்ளைகள் கத்தினார்கள். வாத்தியார் திரும்பவே இல்லை.

மெக்கானிக் மகளுடைய பேப்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார். "என் பொண்ணு. நான் எழுதினதேதான் எழுதியிருக்கா. நீங்களும் போட்டதேதான் போட்டிருக்கீங்க. எனக்குப் போச்சு, போகட்டும். இவளுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

வாத்தியார் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார், வேட்டி மண்ணானதைக் கூடக் கவனிக்காமல்.

"டேய். உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த விடைக் குறிப்பைப் பெரிய சார் எழுதல. அவருக்கு எழுந்து உக்காரவே முடியல. நீதான் முதல் ஆளாச்சே, நீயே எழுதிக்கோன்னுட்டார். நான்தான் எழுதினேன். கொக்கி போட்டு எழுதினேன். 'தண்ணி வரல'ங்கற வார்த்தை பக்கத்து வீட்டுக்காரன் வாயிலதான் இருந்துச்சு."

மெக்கானிக் கத்தரிக்கோலைத் துடைத்துப் பையில் போட்டார்.

"அதுக்கப்புறம் இந்தப் பத்தியை எத்தனையோ வருஷம் பரீட்சைக்குக் குடுத்திருக்கேன். ஒரு நாள் கூட இதைப் படிச்சதில்லடா. வாயால படிச்சிருக்கேன், அவ்வளவுதான். கொக்கியை விட்டுட்டுப் படிச்சுப் பாத்து, புரியாம போச்சுன்னா என்ன பண்றதுன்னு பயம், அதனால அதை விட்டதே இல்ல. அம்மா நோட்டுத் தைச்ச கையைப் பாத்துட்டு, புரியறதுக்கெல்லாம் எங்கடா எனக்கு நேரம் இருந்துச்சு?"

அன்று மத்தியானமே வாத்தியார் வகுப்பின் பேப்பர் முழுவதையும் திரும்ப எடுத்தார். டியூப்பையும் காற்றையும் பற்றி எழுதியவர்கள் நாற்பத்தொரு பேரில் மூன்று பேர். மூவருக்கும் சைபரை அடித்து இரண்டு போட்டார். கிணறு வற்றியது என்று எழுதியவர்களுக்குப் போட்டதைப் பிடுங்கவில்லை. தப்பு என் குறிப்பில், அவர்களிடம் இல்லை என்று தலைமை ஆசிரியை முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் முப்பத்தாறு. பொதுத்தேர்வுக்குப் போனாள். பெரிய மார்க் ஒன்றும் வாங்கிவிடவில்லை, ஐம்பத்தெட்டு. இப்போது வேறு ஊரில் மருத்துவமனை ஒன்றில் மருந்து கொடுக்கும் பிரிவில் இருக்கிறாள். சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மருந்தைக் கொடுப்பாளாம். டாக்டர்களுக்கே அவளிடம் கொஞ்சம் பயம் என்று அவள் அம்மா சொல்லிக்கொள்கிறாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் பட்டறைக்கு வந்தார். கவிழ்த்துப் போட்ட டிரம்மைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு காகிதம்.

"புதுப் பத்தி ஒண்ணு போடணும். நான் படிக்கிறேன், தமிழ்ல சொல்றேன். உனக்கு என்ன கேக்கத் தோணுதோ அதைக் கேளு. அதையே கேள்வியா வைக்கிறேன்."

"எனக்கு வேலை இருக்கு வாத்தியாரே."

"கையால வேலையைப் பாரு. காது சும்மாதானே இருக்கு?"

மெக்கானிக் முகத்தைக் காட்டாமல் நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். பத்தி ஒரு வண்டிக்காரரைப் பற்றியது. பாதியில், "அவன் ஏன் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போறான்?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டார். வாத்தியார் காகிதத்தைப் பார்த்தார். இரண்டாம் தடவை படித்தார். மூன்றாம் தடவை படித்தபோது, "அட" என்றார். சின்னப் பையனுக்குப் பல் விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. அன்று சுவர் நிழலில் தபால்காரர் விரலில் இருந்த மை ஈரத்தைப் பற்றிக் கேட்டபோது வந்து, வந்த வேகத்தில் அவர் உதறிவிட்ட அதே சிரிப்பு. இந்தத் தடவை உதறவில்லை.

ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான். இரண்டு தேநீர், ஒரு பத்தி. முதல் வருஷம் நூறு போய் எண்பத்தேழு ஆயிற்று. பிள்ளைகளுக்குக் கொக்கி மாட்டாத கேள்வியைக் கண்டு அழுகை. பெற்றவர்கள் படையெடுத்து வந்தார்கள். தலைமை ஆசிரியை, "நல்லாத்தானே சார் போயிட்டிருந்தது, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டார். வாத்தியார் போர்டுக்கு ஏணி போட்டுத் தானே ஏறி எண்பத்தேழு என்று எழுதினார். "கை நடுங்குச்சாடா?" என்று கேட்கத் தோன்றியது மெக்கானிக்குக்கு. ஆனால், "கை நடுங்குச்சுங்களா?" என்றுதான் கேட்டார். பழகிப் போன நாக்கு. அந்த எண் பிறகு தொண்ணூறைத் தாண்டியது. நூறு திரும்ப வரவில்லை. அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

போன வருஷம் வாத்தியாருக்குக் கல்லீரல் கெட்டுப் போயிற்று. குடிக்காத மனுஷனுக்கு ஏன் வந்தது என்று டாக்டர்கள் நீளமாக ஏதோ எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லா வார்த்தையும் தெரியுது. சாராம்சம் ஒண்ணுதான், நாள் இல்ல" என்று மெக்கானிக்கிடம் அவரே சொன்னார். சொன்னதில் ஒரு பெருமை கூட இருந்தது.

கடைசியாகப் பார்க்கப் போனது ஒரு மத்தியானம். ஜன்னலோரம் கட்டில். பொத்தான் இல்லாத சட்டை. அவர் கழுத்து அவ்வளவு மெலிந்தது என்று மெக்கானிக் அன்றுதான் பார்த்தார். வாத்தியார் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு, "காலையிலேர்ந்து உங்களைத்தான் கேட்டுட்டிருக்கார், அண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"டேய் கிரீஸ். உன்னைத் தவிர இன்னொருத்தன் இருக்கான்."

"எதுல?"

"அந்தக் கேள்விலதான். நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஒரு பையன் எழுதியிருந்தான், குழாய் கிழிஞ்சிருக்கு, அதனால அப்பா ரப்பர் கேக்கறார்னு. அழகா எழுதியிருந்தான், உன்னை மாதிரி கொத்திக் குதறல. நான் சைபர் போட்டேன். முப்பத்து மூணுலயே நின்னுட்டான். அனுப்பல."

"இப்ப எங்க இருக்கான்?"

"நாலாம் நம்பர் பஸ்ல கண்டக்டர். காதோரம் நரைச்சுப் போச்சு. நான் ஏறினா, சார் உக்காருங்க, சார் உக்காருங்கன்னு யாரையாவது எழுப்பி விடுவான். ஆறு வருஷமா அவன் எழுப்பிக் குடுத்த சீட்டுல உக்காந்து போயிட்டிருக்கேன். ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு ஏறுவேன். இறங்குற ஸ்டாப் வந்துடும்."

மெக்கானிக் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லா வந்து நீயே சொல்லுடா" என்றார்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கப்புறம் வந்த அந்த 'டா' வாத்தியார் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தார்.

"நான் வரமாட்டேன்டா, உனக்கும் தெரியும். நீ சொல்லு. வாத்தியார் சொன்னா, சாகப் போறவன் சமாதானம் பேசறான்னு நினைப்பான். நீயும் அதே சைபர் வாங்கினவன். நீ சொன்னா நம்புவான்." மூச்சு வாங்கியது. மெக்கானிக் அவர் தலையணையைத் தூக்கிச் சரி செய்தார். "உன் பதில் சரிதான், கிணறு வத்தவே இல்ல, அவ்வளவுதான் சொல்லு. வேற ஒண்ணும் சேக்காத. காலைல எட்டரை மணி பஸ்ஸு. முன் படியில ஏறிடாத, அவன் பின் படியிலதான் நிப்பான்."